சபைப் பாடலுக்கு எது அளவுகோல்?

கேள்வி: எங்கள் சபையில் பெரியவர்கள் பழைய கீர்த்தனை கேட்கிறார்கள், இளைஞர்கள் புதுப்பாடல் கேட்கிறார்கள். பாடற்குழுவை நடத்தும் நான் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: பாட்டின் வயதை அளவுகோலாக வைத்தால் இந்தச் சண்டை தீரவே தீராது. கொலோசெயர் 3:16-ல், ஒருவருக்கொருவர் போதித்துப் புத்திசொல்லத்தான் பாடச் சொல்கிறார் பவுல். ஆக, பாட்டும் போதனையே. மெட்டை விட்டுவிட்டு வரிகளை மட்டும் சத்தமாக வாசித்துப் பாருங்கள். பிரசங்கத்தில் சொல்லத் தயங்கும் வரியைச் சபையின் வாயில் வைக்காதீர்கள்.

அடுத்தது, பாடுவது சபையா, குழுவா? பெரும்பாலும் கோளாறு சுருதியில்தான் இருக்கிறது. ஒலிப்பதிவில் கேட்ட அதே சுருதியில் குழு வாசிக்கும். அது தேர்ந்த தனிக்குரலுக்கு வைத்த சுருதி. பல்லவி மேலே ஏறியதும் சபை மௌனமாகிவிடும். மேற்கத்திய ஸ்வரப் பெயரில் சொன்னால், மெட்டின் உச்ச ஸ்வரம் மேல் 'டி'யை (D) தாண்ட வேண்டாம். 'எஃப் ஷார்ப்' (F#) வரை போனால் நான்கு அரைஸ்வரம் (கீபோர்டில் கறுப்பு, வெள்ளை இரண்டையும் எண்ணி நான்கு கட்டை) இறக்குங்கள். இறக்கியபின் அடி ஸ்வரம் கீழ் 'ஏ'க்கும் (A) கீழே போனால் அது தனிப்பாடலுக்கே பொருந்தும். கடைசிச் சரணத்தில் வாத்தியங்களை நிறுத்திக் கேளுங்கள். சபை பாடுகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

புதுப்பாடல் மாதத்துக்கு ஒன்று போதும், மூன்று வாரம் தொடர்ந்து பாடுங்கள்.

இதையும் பாருங்கள்: 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல். கடந்த ஆறு மாதம் நீங்கள் பாடியவற்றில் புலம்பல் எத்தனை? துதிப்பாடல் மட்டுமே இருந்தால், துக்கத்தோடு வந்து நிற்பவருக்குப் பாட ஒரு வரியும் இருக்காது.