யாழ்ப்பாணக் குடாநாட்டின் காங்கேசன்துறையில் உள்ள பழைய சீமெந்து ஆலை நிலத்தை, வெளிநாட்டு ஆற்றங்கரைகளைப் போல அழகாக மாற்ற முடியாதா?

முடியும். ஆனால் பில்பாவோவை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஸ்பெயினின் அந்த நகரத்தில், நெர்வியோன் ஆற்றோரத்துப் பழைய தொழிற்சாலை நிலத்தில் 1997இல் கூகன்ஹைம் அருங்காட்சியகம் திறந்தார்கள். எல்லோரும் அந்தக் கட்டடத்தைத்தான் பேசுவார்கள். அதோடு ஆற்றைச் சுத்தப்படுத்தியதும், மெட்ரோ போட்டதும் யார் கண்ணிலும் படுவதில்லை.

நம்மிடம் ஆறு என்று சொல்ல மழைக்கு ஓடும் வழுக்கியாறு ஒன்றுதான். காங்கேசன்துறை கடற்கரை. 1950இல் தொடங்கிய ஆலை, போரால் 1990இல் நின்றது. சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த குழிகள் மட்டும் மிஞ்சின.

சிக்கலே அந்தக் குழிகள்தான். குடாநாட்டுக் கிணறுகளுக்கு நீர் தருவது இந்தச் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளில் இறங்கி, உப்புநீருக்கு மேலே நன்னீராக மிதக்கிறது. ஆழமாகத் தோண்டினால் உவர் மேலே வரும். குழியில் குப்பையைக் கொட்டினாலோ, கழிவு வடிகட்டாமலே கிணற்றுக்குப் போய்விடும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது பட்ட பாடு மறந்தா போச்சு?

ஆகவே முதலில் மண்ணையும் நீரையும் சோதிக்க வேண்டும், அப்புறம்தான் வரைபடம். கனடாவின் விக்டோரியா அருகே, சீமெந்துக்காகக் கல் எடுத்த குழியொன்றையே புச்சார்ட் தோட்டமாக்கியிருக்கிறார்கள். இங்கே ரயிலும் துறைமுகமும் பக்கத்திலேயே இருக்கின்றன. குழிகளை மழைநீர்க் குளங்களாக விட்டு, சுற்றி மரம் வைத்தாலே எனக்குப் போதும். ஹோட்டல் கட்டுவதை மெதுவாகப் பார்க்கலாம்.