எல்லை உள்ள பள்ளியும் எல்லை இல்லாத பள்ளியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒஹாயோவில் ஓர் அரசுப் பள்ளியில் என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி வாலிபால் அணியில் ஆடுகிறாள். இந்த ஆண்டும் அவர்கள் ஒரு கத்தோலிக்கத் தனியார் பள்ளியிடம் தோற்று வெளியேறினார்கள். மாணவர் எண்ணிக்கைப்படி இரண்டு பள்ளிகளும் ஒரே டிவிஷன், அதாவது ஒரே போட்டிப் பிரிவு. ஆனால் எங்கள் அணியில் இருப்பவர்கள் எங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்ற பள்ளி வட்டார எல்லைக்குள் குடியிருக்கும் பிள்ளைகள் மட்டுமே. அவர்களுக்கு நாலைந்து ஊர்களிலிருந்து ஆட்டக்காரர்கள் வருகிறார்கள். அரசுப் பள்ளிகளுக்குத் தனிக் கோப்பை, தனியாருக்குத் தனிக் கோப்பை என்று பிரித்துவிட்டால் என்ன? பெற்றோராக நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா?

ஒரு வாசகர், ஒஹாயோ

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒரு சிறு திருத்தம். ஒஹாயோவில் வாலிபால் டிவிஷனை வெறும் மாணவர் எண்ணிக்கை மட்டும் முடிவு செய்வதில்லை. 9, 10, 11 வகுப்புப் பெண்களின் எண்ணிக்கையை எடுத்து, அதன்மேல் அணிப்பட்டியலை வைத்து ஒரு கூட்டல் போடுகிறார்கள். அந்தக் கணக்குக்குப் பிறகும் இரண்டு பள்ளிகளும் ஒரே டிவிஷனில் விழுந்திருக்கின்றன. அதைப் பிறகு பார்ப்போம்.

உங்கள் ஆதங்கம் நியாயமானது. 500 பேர் படிக்கும் ஓர் அரசுப் பள்ளியில் அந்த வட்டாரத்தின் எல்லாப் பிள்ளைகளும் அடக்கம். விளையாட்டில் நாட்டமே இல்லாதவர்கள், பள்ளி விட்டதும் வேலைக்குப் போகிறவர்கள், சிறப்புக் கல்வி தேவைப்படுகிறவர்கள் என்று எல்லோரும் அந்த 500-க்குள் வருகிறார்கள். தனியார் பள்ளியின் 500 பேரோ விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, தேடி வந்தவர்கள். எண் ஒன்றுதான், உள்ளடக்கம் வேறு.

ஆட்டத்துக்காக ஆள் பிடிக்கக் கூடாது என்று மாநில விளையாட்டு அமைப்புகள் விதி வைத்திருப்பது உண்மை. ஆனால் சேர்க்கைக்காக ஊர் ஊராக விளம்பரம் செய்வது ஆள் பிடிப்பதில் சேராது. இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு மிக மெல்லியது. டென்னசியில் பிரெண்ட்வுட் அகாடமி என்ற தனியார் பள்ளியின் (அமெரிக்க) ஃபுட்பால் பயிற்சியாளர், அடுத்த ஆண்டு சேரவிருந்த எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு, வசந்தகாலப் பயிற்சிக்கு வரலாம் என்று கடிதம் எழுதினார். அது விதிமீறல் என்று மாநில அமைப்பு 1997-இல் தண்டித்தது. வழக்கு இரண்டு முறை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2001-இல் 5-4 என்ற தீர்ப்பில், மாநில விளையாட்டு அமைப்பும் அரசைப் போலவே அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்டது என்றார்கள். 2007-இல், அந்த விதி பேச்சுரிமையைப் பறிக்கவில்லை என்று அமைப்பின் பக்கம் தீர்ப்பானது. ஒரு கடிதத்துக்கே பத்தாண்டு வழக்கு என்றால், கண்காணித்துத் தடுப்பதில் எவ்வளவு பயன் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் பல மாநிலங்கள் கண்காணிப்போடு நிற்காமல் கணக்கிலும் இறங்கின.

நீங்கள் கேட்கும் முழுப் பிரிவினை சில இடங்களில் இருக்கிறது. டெக்சஸில் யூ.ஐ.எல். என்ற மாநிலப் போட்டி அமைப்பு அரசுப் பள்ளிகளுக்கானது. தனியார் பள்ளிகள் பெரும்பாலும் டாப்ஸ் போன்ற தனி அமைப்புகளில் ஆடுகின்றன. டாலஸ் ஜெசுவிட், ஹூஸ்டன் ஸ்ட்ரேக் ஜெசுவிட் இரண்டும் விதிவிலக்கு. அவை யூ.ஐ.எல்.-இல் ஆடுகின்றன, ஆனால் மிகப் பெரிய பள்ளிகளின் பிரிவில்தான் ஆட வேண்டும். பென்சில்வேனியாவில் கதை தலைகீழ். தனியார் பள்ளிகளை அமைப்புக்குள் அனுமதித்த 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கும்வரை பிரிக்க முடியாது என்பது அங்குள்ள அமைப்பின் நிலைப்பாடு.

பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு லூசியானாதான் பாடம். 2013-இல் அங்கே ஃபுட்பால் தகுதிச் சுற்றுகளை இரண்டாகப் பிரித்தார்கள். உடனே ஒரே மாநிலத்துக்கு ஒன்பது ஃபுட்பால் சாம்பியன்கள் வந்தார்கள். பிறகு கூடைப்பந்து, பேஸ்பால், சாஃப்ட்பால் ஆகியவற்றுக்கும் பிரிவினை பரவியது. அதோடும் சண்டை ஓயவில்லை. எல்லை இல்லாமல் மாணவர்களைச் சேர்க்கும் அரசுப் பள்ளிகளும் இருக்கின்றனவே என்று கேள்வி வந்தது. 2022-இல், வட்டார எல்லை பார்க்காமல் மாணவர்களைச் சேர்க்கும் சார்ட்டர், மேக்னட் பள்ளிகள் உட்படப் பல அரசுப் பள்ளிகளைத் தூக்கி மறுபக்கத்தில் போட்டார்கள். தனியாருக்கு எதிராக எழுப்பிய சுவருக்கு அந்தப் பக்கம் அரசுப் பள்ளிகளும் போய்ச் சேர்ந்தன. பள்ளி யாருடையது என்பதல்ல, மாணவர்களை எங்கிருந்து எடுக்கலாம் என்பதே பிரச்சினை என்று ஒன்பது ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டது மாதிரிதான்.

அடுத்த வழி பெருக்கல் எண். தனியார் பள்ளியின் எண்ணிக்கையை ஒரு எண்ணால் பெருக்கி மேல் டிவிஷனுக்குத் தள்ளுவது. 400 பேர் உள்ள பள்ளி, அலபாமா கொண்டுவந்த 1.35-இல் 540 ஆகும். இல்லினாயின் 1.65-இல் 660 ஆகும். ஆர்கன்சாஸ் வைத்திருந்த 1.75-இல் 700 ஆகும். மூன்று மாநிலங்களில் மூன்று விடை என்பதே சந்தேகத்தைக் கிளப்ப வேண்டும். இதைவிடப் பெரிய குறை வேறு. டிவிஷனின் மேல்வரம்புக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளி மேலே போய்விடும், நடுவில் இருக்கும் பள்ளி பெருக்கினாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கலாம். ஏற்கெனவே உச்ச டிவிஷனில் இருக்கும் பெரிய பள்ளியை எந்த எண்ணாலும் தொட முடியாது, ஏனென்றால் அதற்கு மேலே படியே இல்லை. அதே சமயம், பத்து ஆண்டுகளாக ஒரு சுற்றுகூடத் தாண்டாத சின்ன மதப் பள்ளிக்கும் அதே அடி விழுகிறது. இல்லினாய் பின்னால் வெற்றி பெறாத அணிகளுக்கு விலக்கு கொடுத்ததற்குக் காரணம் இதுதான். ஆனால் அந்த மாநிலம் ஒன்றைச் சரியாகச் செய்தது. தனியார் என்று சொல்லாமல், எல்லை வரையறுக்கப்படாத பள்ளிகள் என்று விதியை எழுதியது.

இண்டியானா வேறு பாதையில் போனது. 2012-இல் ஏற்ற விதிப்படி, குழு ஆட்டங்களில், மாநிலப் போட்டியின் அடுத்தடுத்த கட்டங்களில் ஓர் அணி வென்ற உச்சக் கட்டத்துக்குப் புள்ளி: செக்ஷனல் 1, ரீஜனல் 2, செமி ஸ்டேட் 3, மாநிலக் கோப்பை 4. இரண்டு ஆண்டுகளில் 6 புள்ளி சேர்ந்தால் அந்த அணி ஒரு டிவிஷன் மேலே போகும். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற பேச்சே இல்லை. நடைமுறைக்கு இதுவே எளிது, யாரும் யாருடைய வீட்டு முகவரியையும் தோண்ட வேண்டாம். குறை என்னவென்றால் தாமதம். கோப்பை வாங்கிய பன்னிரண்டாம் வகுப்புக்காரர்கள் கல்லூரிக்குப் போய்விடுவார்கள், தண்டனையை அவர்களுக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் அனுபவிப்பார்கள். ஆண்டுதோறும் புது ஆட்களை இழுக்கும் வசதியுள்ள பள்ளிக்கு இது வலிக்காது. தற்செயலாக ஒரு நல்ல தலைமுறை வாய்த்த கிராமத்துப் பள்ளிக்கு வலிக்கும்.

உங்கள் ஒஹாயோவுக்கு வருகிறேன். 2011, 2012, 2013 என மூன்று முறை வாக்கெடுப்பில் தோற்று, 2014-இல் நான்காம் முறை நிறைவேறி, 2017 இலையுதிர் பருவத்திலிருந்து நடைமுறைக்கு வந்த விதி இது. அணிப்பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று மூன்று அடுக்கில் வைக்கிறார்கள். ஏழாம் வகுப்பிலிருந்து அந்த டிஸ்ட்ரிக்டிலேயே படித்து, பெற்றோரும் அங்கேயே குடியிருந்தால் பூஜ்யம். பெற்றோர் வேறு டிஸ்ட்ரிக்டில் இருந்து ஓப்பன் என்ரோல்மென்டில் வந்தால் இரண்டு. இரண்டாம் அடுக்கில் உள்ள ஒவ்வொருவருக்கும் பள்ளியின் எண்ணிக்கையில் கூட்டுவது ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு: ஃபுட்பாலுக்கு 2, வாலிபாலுக்கும் கூடைப்பந்துக்கும் 5, சாக்கருக்கு 6. ஃபுட்பால் பட்டியல் நீளமானது, ஒருவர் வந்து ஆட்டத்தை மாற்றுவது கடினம். வாலிபாலில் களத்தில் ஆறு பேர், பந்தை எடுத்துக்கொடுக்கும் நல்ல செட்டர் ஒருத்தியும் அடிக்கும் ஹிட்டர் ஒருத்தியும் சேர்ந்தால் அணியே வேறு. ஆகவே இந்த வேறுபாடு சரிதான்.

இப்போது ஓட்டைக்கு வருவோம். இரண்டாம் அடுக்கில் ஆறு பெண்கள் இருந்தால் கூடுவது 30. 250 பெண்கள் உள்ள பள்ளி 280 ஆகும், டிவிஷன் எல்லை 290-இல் இருந்தால் ஒன்றும் மாறாது. தவிர, கத்தோலிக்கப் பள்ளிக்கு மாணவர்களை அனுப்பும் ‘ஊட்டுப் பள்ளிகள்’ என்று அறிவிக்கப்பட்ட நடுநிலைப் பள்ளிகளில் ஏழாம் வகுப்பிலிருந்து படித்தவர்கள், எத்தனை ஊர் தாண்டி வந்தாலும், பூஜ்யத்தில்தான் வருவார்கள். நாலைந்து ஊர்களிலிருந்து வருகிறார்கள் என்று நீங்கள் எழுதிய அந்தப் பெண்களில் பலர் இந்தக் கணக்கில் ‘உள்ளூர்’ பிள்ளைகளாகவே இருக்கக்கூடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கசக்கும். வாலிபாலில் பள்ளியை விட, பள்ளிக்கு வெளியே பயிற்சி தரும் கிளப்தான் ஆட்டக்காரரை உருவாக்குகிறது. கிளப்புக்குப் பணம் வேண்டும். வசதியான புறநகர் அரசுப் பள்ளிக்கும் ஏழை நகரப் பள்ளிக்கும் உள்ள தூரம், பல சமயம் அரசுப் பள்ளிக்கும் தனியாருக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். மினசோட்டா இதைக் கணக்கில் எடுக்கிறது: இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியுள்ள மாணவர்களில் 40 சதவீதத்தைப் பள்ளியின் எண்ணிக்கையிலிருந்து கழித்துவிட்டு டிவிஷன் போடுகிறது. உங்கள் பள்ளி எந்தப் பக்கம் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் பிரிவினை வந்தால் ஏழைப் பள்ளிகளைத் தோற்கடித்துச் சாம்பியனாக நிற்கப்போவது தனியாருக்குப் பதில் பணக்காரப் புறநகரம்தான்.

ஆகவே பிரிவினையை நான் ஆதரிக்க மாட்டேன். ஒஹாயோவின் அணிப்பட்டியல் கணக்கை வைத்துக்கொண்டு, அதன்மேல் இண்டியானாவின் புள்ளிகளையும் சேர்ப்பேன். முதலாவது காரணத்தை அளக்கிறது, இரண்டாவது விளைவை அளக்கிறது. ஊட்டுப் பள்ளி விதியால் தப்பிப்பவர்கள் புள்ளிகளில் மாட்டுவார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது: முதலில் உங்கள் பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பாளரான அத்லெடிக் டைரக்டரைப் பார்த்து, உங்கள் அணியின் அடுக்குக் கணக்கையும் திருத்திய எண்ணிக்கையையும் கேளுங்கள். உங்கள் பள்ளியிலேயே ஓப்பன் என்ரோல்மென்ட் பிள்ளைகள் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். இருந்தால், எங்கள் அணி உள்ளூர் பிள்ளைகளால் ஆனது என்ற வாதத்தைக் கூட்டத்தில் வைத்துவிட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம். ஒஹாயோவில் விதியை மாற்றுவது பள்ளி முதல்வர்களின் வாக்கு, பள்ளிக்கு ஒன்று, மே மாதத்தில். பெற்றோருக்கு வாக்கு இல்லை. அதனால் கோரிக்கையை உங்கள் முதல்வரிடமும், உங்கள் லீகில் உள்ள மற்றப் பள்ளி முதல்வர்களிடமும் குளிர்காலத்துக்குள் கொண்டுபோங்கள். ‘தனியார் பள்ளிகளை நீக்க வேண்டும்’ என்று எழுதினால் அரைப்பக்கத்தோடு குப்பைத்தொட்டிக்குப் போகும். ‘இரண்டு ஆண்டுகளில் இத்தனை புள்ளி எடுத்த அணி, அரசோ தனியாரோ, ஒரு டிவிஷன் மேலே போக வேண்டும்’ என்று எழுதினால், அவர்களுள் கத்தோலிக்கப் பள்ளி முதல்வர் ஒருவர்கூடக் கையெழுத்துப் போட வாய்ப்பிருக்கிறது. சின்னப் பள்ளியாக இருந்து ஆண்டுதோறும் அதே பெரிய பள்ளியிடம் தோற்பவர்கள் அவர்களிலும் உண்டு.