பழைய ஆட்டோகேட்டும் புதிய வோல்ட்டும் ஒரே பட்டறையில் ஓடுமா?

கேள்வி: ஹட்டனில் சிறிய பட்டறை நடத்துகிறோம். தேயிலைத் தொழிற்சாலைகளின் ரோலர், ட்ரையர்களுக்கு உதிரிப்பாகம் செய்து கொடுப்பதுதான் வேலை. இரண்டு கணினிகளில் அந்தக் காலத்தில் முழுக்காசு கொடுத்து வாங்கிய, வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேட் 2015 இருக்கிறது. புதிய மடிக்கணினியில் சந்தா கட்டி ஆட்டோகேட் 2025 போட்டிருக்கிறோம். வரைபடங்கள் மூன்றிலும் சிதறிக் கிடப்பதால் வோல்ட் என்ற தரவு மேலாண்மை மென்பொருளை வாங்கச் சொல்கிறார் கொழும்பு விற்பனையாளர். அதை வாங்கினால் பழைய இரண்டையும் தூக்கிப் போடத்தான் வேண்டும் என்கிறார். உண்மையா?
– டிக்கோயா வாசகர்

பதில்: பாதி உண்மை. மீதிப் பாதி அவருடைய வியாபாரம்.

முதலில் பைலைப் பாருங்கள். ஆட்டோகேட் ஒவ்வொரு வருடமும் புதுப் பெயரோடு வந்தாலும், வரைபடம் சேமிக்கப்படும் டிடபிள்யூஜி பைலின் வடிவம் வருடாவருடம் மாறுவதில்லை. 2013 முதல் 2017 வரை வந்த பதிப்புகளுக்கு ஒரே வடிவம். 2018இல் அது மாறியது, உங்கள் 2025உம் அந்த 2018 வடிவத்தில்தான் சேமிக்கும். மடிக்கணினியில் சேமித்ததை 2015 திறக்க மறுப்பதற்குக் காரணம் இதுதான். சந்தேகம் இருந்தால் ஒரு டிடபிள்யூஜி பைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். புரியாத எழுத்துகள் கொட்டும், ஆனால் முதல் ஆறு எழுத்துகள் தெளிவாக இருக்கும். ஏசி1027 என்றால் 2013 வடிவம், ஏசி1032 என்றால் 2018 வடிவம். பார்த்த பிறகு சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

இதைச் சரிசெய்யக் காசு தேவையில்லை. மடிக்கணினியில் ஆப்ஷன்ஸ் கட்டளை கொடுத்து, 'ஓபன் அண்ட் சேவ்' பகுதியில் சேமிக்கும் வடிவத்தை 2013 என்று மாற்றிவிடுங்கள். உங்களுடையதைப் போன்ற இருபரிமாண உதிரிப்பாக வரைபடங்களுக்கு அதனால் ஒரு நட்டமும் வராது. ஏற்கனவே புதிய வடிவத்தில் சேமித்தவற்றை டிடபிள்யூஜி ட்ரூவியூ என்ற இலவச மென்பொருளில் மொத்தமாகப் போட்டுப் பழைய வடிவத்துக்கு மாற்றலாம்.

வோல்ட்டின் கதை வேறு. தொழிற்சாலை ஸ்டோரில் இரண்டு பேர் இரண்டு பதிவேடு வைத்தால் என்ன ஆகும்? அதேபோல்தான், வோல்ட் சேர்வர் ஒன்றே ஒன்று, அதற்குப் பதிப்பும் ஒன்றே ஒன்று. எல்லாக் கணினிகளும் அதோடு ஒத்துப்போக வேண்டும். ஆட்டோகேட்டின் உள்ளேயே பட்டன்களாக வரும் வோல்ட் இணைப்பு, அண்மைய சில வருடப் பதிப்புகளில் மட்டும்தான் வேலை செய்யும். 2015இல் அது வராது. விற்பனையாளர் சொன்னதில் உண்மையான பாதி இதுதான்.

ஆனால் இணைப்பு இல்லை என்றால் வழியே இல்லை என்று அர்த்தமில்லை. வோல்ட்டுக்கென்று தனிச் சாளரம் இருக்கிறது. அதில் ரோலர் வரைபடத்தை உங்கள் பெயரில் எடுத்து, 2015இல் திறந்து திருத்தி, சேமித்து, மறுபடி உள்ளே வைக்கலாம். எடுத்தவர் பெயர் பட்டியலில் தெரியும். அவர் திரும்ப வைக்கும்வரை அடுத்தவர் திருத்த முடியாது. குறை எங்கே வரும் என்றால், ஒரு வரைபடத்துக்குள் இன்னொன்றைக் கோத்து வரைபவர்களுக்கு. எது எதோடு கோத்திருக்கிறது என்பதை இணைப்பு இல்லாமல் வோல்ட் தானாகக் குறித்துக்கொள்ளாது. பழைய கணினிகளின் விண்டோஸையும் பாருங்கள். விண்டோஸ் 7 என்றால் புதிய வோல்ட் ஏறவே ஏறாது. விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், அதிகம் வரைபவருக்கு மட்டும் இன்னொரு சந்தா எடுத்து, ஒரு 2015ஐ அச்செடுக்கவும் சின்னத் திருத்தங்களுக்கும் அப்படியே விட்டுவைப்பேன். நிரந்தர உரிமத்தைச் சும்மா கைவிடாதீர்கள். 2016க்குப் பிறகு, ஆட்டோகேட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் அப்படி விற்பதையே நிறுத்திவிட்டது. பழையதை ஒப்படைத்தால் கழிவு தருகிறோம் என்று யாராவது சொன்னால், ஒப்படைத்த பிறகு அதைப் பயன்படுத்தும் உரிமை போய்விடும் என்பதைக் கணக்கில் எடுங்கள்.

கொட்டேஷன் வந்ததும் இதையெல்லாம் பாருங்கள். சில சந்தாக்களோடு வோல்ட்டின் அடிப்படைப் பதிப்பான வோல்ட் பேசிக் சேர்ந்தே வருகிறது, உங்கள் கணக்கில் இருக்கிறதா என்று பார்க்காமல் விலை கூடிய பதிப்புக்குத் தலையாட்ட வேண்டாம். வோல்ட் தன் பதிவுகளை வைக்கும் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சேர்வரின் கட்டணப் பதிப்பும் மூன்று பேருக்கு அநேகமாகத் தேவைப்படாது. அதன் இலவச வகையான எக்ஸ்பிரஸில் 2022 பதிப்பு வரை ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி எல்லை உண்டு, ஆனால் வரைபடங்கள் அதற்கு வெளியே தனியாக இருப்பதால் அது நீண்ட காலம் போதும். எந்த ஆட்டோகேட் பதிப்புகள் சேரும், அடுத்த பதிப்புக்கு மாற்றித்தர யார் வருவார்கள், அதற்குத் தனிக்காசா, 18 சதவீத வற் வரி சேர்த்த விலையா என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். போனில் சொன்னது செல்லாது. மிச்சம் பிடித்த காசில் சேர்வர் கணினிக்கு நல்ல யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள். மழைக்காலத்தில் ஹட்டனில் கரண்ட் படும் பாடு உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் வோல்ட் சேர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது பழைய கணினிகள் சேர மறுக்கின்றன. பழைய பதிப்புக்கே திரும்பலாமா?
– பண்டாரவளை வாசகர்

பதில்: மாற்றிய தரவுத்தளத்தைப் பின்னோக்கிக் கொண்டுபோக முடியாது. மாற்றுவதற்கு முன் எடுத்த பேக்கப் இருந்தால் பழைய பதிப்பை மறுபடி நிறுவி அதை ஏற்றலாம். இடையில் செய்த வேலை அதில் இருக்காது, அந்த வரைபடங்களை முதலில் தனியாக வெளியே எடுத்து வையுங்கள். பைல்கள் உள்ள கோப்புறையைப் பென்டிரைவில் நகலெடுத்தது மட்டும் பேக்கப் ஆகாது, தரவுத்தளமும் கூடவே இருக்க வேண்டும்.

பழைய கணினிகளும் சேரும் என்று கொட்டேஷனில் எழுதியிருந்தால் சரிசெய்து தரும்படி முதலில் கடிதம் கொடுங்கள். அசையவில்லை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போகலாம். அவசர இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் கடிதப் போக்குவரத்திலேயே நாளைக் கழித்துவிடாதீர்கள்.

கேள்வி: 'வாழ்நாள் உரிமம்' என்று புதிய ஆட்டோகேட்டைச் சில ஆயிரம் ரூபாவுக்கு இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா?
– நுவரெலியா வாசகர்

பதில்: வேண்டாம். உற்பத்தி நிறுவனமே வாழ்நாள் உரிமம் விற்காதபோது இவர்களுக்கு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் மாணவர் கணக்கு, இல்லையென்றால் உடைத்த பிரதி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளுக்கும் பொருந்தும், மாட்டிக்கொண்டால் விற்றவரைத் தேடிப் பிடிக்க முடியாது. வரைபடங்களைப் பார்க்கவும் அச்செடுக்கவும் மட்டும்தான் வேண்டும் என்றால், மேலே சொன்ன இலவச ட்ரூவியூவே போதும்.