பார்க்கின்சன் நடுக்கத்துக்கு அதிர்வு சிகிச்சை: வாசகர் கேள்விகள்

அப்பாவுக்குப் பார்க்கின்சன். பஸ்ஸில் நெடுந்தூரம் போய் வந்தால் அன்று உடம்பு லேசாக இருக்கிறது என்கிறார். நிஜமா, பிரமையா?

பிரமை என்று தள்ளிவிடாதீர்கள். பாரிஸ் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ இதையேதான் கவனித்தார். ரயிலிலும் குதிரை வண்டியிலும் குலுங்கி வந்த நோயாளிகள் தேவலை என்றதும், அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்யவைத்து 1892-ல் அதைப் பற்றி உரையும் ஆற்றினார். அடுத்த வருடமே இறந்துவிட்டார்.

2012-ல் சிகாகோ மருத்துவர்கள் அதை முறையாகச் சோதித்தார்கள். அதிரும் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு அசைவுகள் மேம்பட்டன. ஆனால் அதிர்வே இல்லாமல் உட்கார்ந்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு முன்னேற்றம்! பார்க்கின்சனில் இது அதிசயமில்லை. குணமாகும் என்ற எதிர்பார்ப்பே மூளையில் டோபமைனை (இந்த நோயில் குறைந்துபோகும் வேதிப்பொருள்) சுரக்கவைக்கும் என்று 2001-ல் ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். அப்பாவுக்குக் கிடைக்கும் நிம்மதி உண்மைதான். அதிர்வுதான் காரணம் என்று மட்டும் சொல்ல முடியாது.

அதிரும் வாட்ச் வாங்கலாமா?

முதலில் ஒன்றைப் பாருங்கள். கை சும்மா இருக்கும்போது நடுங்கி, டம்ளரை எடுத்தால் அடங்குகிறதா? அதுதான் பார்க்கின்சனில் வழக்கம். அப்படியானால் வாட்சால் பெரிய பயன் இருக்காது. எடுக்கும்போதும் எழுதும்போதும்தான் நடுக்கம் என்றால் அது வேறு வகை நடுக்கமாகவும் இருக்கலாம்; மருந்தே மாறும். 2016-ல் மைக்ரோசாஃப்டின் ஹையான் சாங் என்பவர் பார்க்கின்சன் உள்ள எம்மா லாட்டன் என்ற பெண்ணுக்காக அதிரும் வாட்ச் ஒன்றைச் செய்தார்; அதைக் கட்டிக்கொண்டு எம்மா தன் பெயரை எழுதியதைப் பார்த்து நானும் நெகிழ்ந்தேன். ஆனால் அது ஒருவருக்காகச் செய்தது. விற்பவர் பணத்தைத் திருப்பித் தருவார் என்றால் மட்டும் முயன்று பாருங்கள்.

ஸ்டான்ஃபோர்ட் கையுறை?

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் டாஸ் குழு உருவாக்கிய அதிரும் கையுறை இது. விரல் நுனிகளில் நொடிக்கு 250 முறை (250 ஹெர்ட்ஸ்) அதிர்வு, வரிசையை மாற்றி மாற்றி. நரம்பணுக்கள் ஒரே தாளத்தில் துடிப்பதைக் கலைப்பதே நோக்கம். எனக்கு நம்பிக்கை தருவது இதுதான். ஆனாலும் 2021-ல் வெளியான முடிவுகள் மிகச் சிலரிடம் எடுத்தவை. போலிக் கையுறையோடு ஒப்பிடவில்லை.

அதிர்வு பலன் தந்தால் மாத்திரையைக் குறைக்கலாமா?

கூடவே கூடாது. பார்க்கின்சனுக்குத் தரும் முக்கிய மருந்தான லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் காய்ச்சல், கடும் விறைப்பு, குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். நடுக்கம் எந்த நேரத்தில் கூடுகிறது என்று மாத்திரை வேளையோடு சேர்த்து ஒரு வாரம் குறித்துவையுங்கள், போனில் வீடியோவும் எடுங்கள். பல நேரம் வேளையை மாற்றினாலே நடுக்கம் குறைகிறது.

மசாஜ் கன் வைக்கலாமா?

கை, தோளில் லேசாக வைக்கலாம். டிபிஎஸ் கருவி (மூளைக்கு மின்தூண்டல் தர உடலுக்குள் வைப்பது) பொருத்தியவர்கள் மார்பு, கழுத்துப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.