கொய்யாவுக்கு மெழுகு பூசலாமா?

கேள்வி: ஐயா, பழனி பக்கத்தில் ஆயக்குடியில் எங்களுக்குக் கொய்யாத் தோப்பு இருக்கிறது. செங்காயாகப் பறித்தாலும் மூன்றாம் நாளே குழைந்துவிடுகிறது. ஆப்பிளுக்குப் பூசுகிற மாதிரி மெழுகு பூசினால் தாங்குமா? அந்த மெழுகே விஷம் என்கிறாள் என் மகள். சோற்றுக்கற்றாழையைத் தடவிப் பாருங்கள் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர்.
– ஒரு வாசகி, ஆயக்குடி

பதில்: முதலில் மகளின் பயத்தைப் போக்கிவிடுவோம், அம்மா. ஆப்பிள் மரத்தில் இருக்கும்போதே அதன் தோலில் மெழுகு படிந்துவிடும். கழுவும்போது அதில் கொஞ்சம் போய்விடுவதால் மேலே மெல்லிசாக வேறு மெழுகு பூசுகிறார்கள். தேன்மெழுகு, பிரேசிலில் வளரும் கார்னோபா பனையின் ஓலை மெழுகு, அரக்கிலிருந்து எடுக்கும் ஷெல்லாக் மூன்றையும் நம் உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிக்கின்றன. கத்தியால் சுரண்டிக் காட்டுகிற வீடியோக்களைப் பார்த்துப் பழத்தை ஒதுக்க வேண்டாம்.

உங்கள் கொய்யாவுக்கு வருவோம். பறித்த பிறகும் பழம் மூச்சு விடுகிறது. தோல் வழியே ஈரம் போவதால் சுருங்குகிறது. ஆக்சிஜன் தாராளமாகக் கிடைப்பதால் விறுவிறுவென்று பழுக்கிறது. பூச்சு இந்த இரண்டையும் குறைக்கும். குறைக்கத்தான் வேண்டும், அடைத்துவிடக் கூடாது. பழம் தரம்பிரித்து அனுப்பும் கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். கெட்டியாகப் பூசிய கொய்யாவை அறுத்தால் எப்படியிருக்கும் தெரியுமா? தோல் பச்சைப் பசேலென்று மின்னும், அங்கங்கே கறுத்திருக்கும். கத்தி இறங்கியதுமே புளித்த கள் வாடை அடிக்கும். காற்று கிடைக்காத பழம் உள்ளே நொதிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதை வாங்கிப் போனவர் மறுபடி உங்கள் பழத்தைத் தொடுவாரா?

அதனால் மெழுகுவத்தியை உருக்கி முக்குகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அது பெட்ரோலிய மெழுகு, படலமும் தடித்துவிடும். பழங்களுக்கென்றே தண்ணீரில் கலக்கித் தயாரித்த மெழுகுக் கரைசல்தான் சரி. பழத்தைக் கழுவி, ஈரம் முழுக்க உலர்ந்த பிறகு பூச வேண்டும். கற்றாழையும் நல்ல யோசனைதான். பல பழங்களில் ஆராய்ந்து பலன் கண்டிருக்கிறார்கள். மடலை வெட்டி மஞ்சள் பாலை வடியவிட்டு, உள்சோற்றை மட்டும் அரைத்து வடிகட்டி, அன்றன்றே பயன்படுத்துங்கள். முதலில் ஒரு கூடைக்கு மட்டும். பக்கத்திலேயே பூசாத கூடை ஒன்றையும் வைத்து, இரண்டையும் தினமும் காலையில் எடை போடுங்கள், ஒரு பழத்தை அறுத்து முகர்ந்தும் பாருங்கள்.

பூச்சைவிட முக்கியமானது ஒன்று உண்டு. வெயில் ஏறுமுன் காம்போடு பறித்து உடனே நிழலுக்குக் கொண்டுவந்தீர்களா? பழ ஈ குத்திய காயைக் கழித்தீர்களா? உள்ளே புழு இருந்தால் எந்தப் பூச்சும் காப்பாற்றாது. குளிர்ப்பதன அறை கிடைத்தால் 8 முதல் 10 டிகிரி போதும்; பச்சைக் காய் இரண்டு வாரம்கூடத் தாங்கும். வீட்டு ஃபிரிட்ஜின் குளிர் அதற்கு ஆகாது, சரியாகப் பழுக்காமல் உள்ளே பழுப்பேறிவிடும்.

அப்புறம், மெழுகு பூசி விற்பதானால் என்ன மெழுகு என்று பெட்டியின் மேல் எழுதிவிடுங்கள். சட்டமும் அதைத்தான் கேட்கிறது.