சுருட்டுப் பெட்டிக்கு ச-ப-ச போதும்

கேள்வி: கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன். வயது 46, ஃபிட்டர் வேலை. கப்பலில் வேலை பார்க்கும் என் மச்சான் போன தடவை வந்தபோது ஒரு காலி சுருட்டுப் பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். வீடியோ பார்த்து அதில் ஒரு கிட்டார் செய்துவிட்டேன். தேக்கு ரீப்பரில் கழுத்து, இரண்டு முனையிலும் கம்பியைத் தாங்க போல்ட், மெட்டுக்கு (கழுத்தில் சுரம் பிரிக்கும் குறுக்குக் கம்பி) சைக்கிள் ஸ்போக்கை வெட்டி ஒட்டினேன். கிட்டார் கம்பி செட் வாங்கி மெல்லிய மூன்றையும் போட்டேன். பார்க்க ஜோராக இருக்கிறது, வாசித்தால்தான் வம்பு. கம்பி 'ஜிர்ர்' என்கிறது. மேலே போகப் போகச் சுருதி விலகுகிறது. மெல்லிய கம்பி இரண்டு தடவை அறுந்துவிட்டது. கிட்டார் சொல்லித்தரும் ஒரு மாஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இது விளையாட்டுச் சாமான், நல்ல கிட்டார் வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். எனக்கு இசை தெரியாது. கானா பாடுவேன், அவ்வளவுதான். இந்த வயதில், இந்தப் பெட்டியில் கற்றுக்கொள்ள முடியுமா?

— பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்

பதில்: முதலில் மாஸ்டர் விஷயத்தை முடித்துவிடுவோம். ஆறு கம்பிக்கு அவர் வைத்திருக்கும் பாடம் உங்கள் பெட்டிக்குச் சரிப்படாது. அந்த அளவுக்கு அவர் சொன்னது நியாயம்தான். விளையாட்டுச் சாமான் என்றதுதான் தப்பு. இது வேறு வாத்தியம். குட்டி கிட்டார் என்று நினைத்துப் பழகினால் ஆறே மாதத்தில் பரணுக்குப் போய்விடும். தம்புராவுக்கும் கோட்டு வாத்தியத்துக்கும் தூரத்துச் சொந்தம் என்று நினைத்துக் கையில் எடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பிறந்த கதையும் அப்படித்தான். அமெரிக்காவில் 1860-களில் வரிச் சட்டம் வந்து, சுருட்டைப் பெட்டியில் அடைத்து முத்திரை ஒட்டித்தான் விற்கவேண்டும் என்றானது. காலிப் பெட்டிகள் வீட்டுக்கு வீடு சேர்ந்தன. கிட்டார் வாங்கக் காசில்லாதவர்கள் அதில் ஒரு கட்டையைச் சொருகிக் கம்பி கட்டினார்கள். பிறகு அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் பெரிய ஆளாக வந்த லைட்னின் ஹாப்கின்ஸ் சின்ன வயதில் வாசித்தது இப்படி ஒரு பெட்டியைத்தான். நம் பக்கம் சுருட்டைக் கட்டாகக் கட்டி விற்றார்கள். எங்கள் ஆயா முந்தானையில் முடிந்து வைத்திருப்பார். பெட்டியில் வந்திருந்தால் காசிமேட்டிலும் ஒன்று பிறந்திருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். கம்பியிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் போட்டிருக்கும் மெல்லிய மூன்றையும் கழற்றிவிட்டு, அதே செட்டில் மீதி இருக்கும் 5, 4 ஆகிய கம்பிகளையும் (மெல்லியதை 1 என்று வைத்து எண்ணும் கணக்கு), கழற்றியதில் இருக்கும் 3-ஆம் கம்பியையும் மாட்டுங்கள். தடித்தது உங்கள் முகத்துக்குப் பக்கம், மெல்லியது தரைப் பக்கம். ஐந்தாம் கம்பி வழக்கமாக ஏ என்ற சுரம். அதை இரண்டு அரைச்சுரம் இறக்கி ஜி-யில் நிறுத்துங்கள். நாலாவது டி, மூன்றாவது ஜி, அவை இரண்டும் எப்போதும் போலத்தான். ஃபோனில் இலவச ட்யூனர் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டால் 98, 147, 196 ஹெர்ட்ஸ் என்று காட்டும். 2, 3, 4 என்ற கணக்கில் வருவதைப் பாருங்கள். அதுதான் நம் கணக்கில் ச, ப, மேல் ச. கச்சேரியில் தம்புரா பின்னால் போட்டுக்கொண்டிருக்கும் அதே ச-ப-ச. மூன்றையும் ஒன்றாக மீட்டிப் பாருங்கள், எந்த விரலும் வைக்காமலே ஒரு சுருதிப் பெட்டி உங்கள் மடியில் இருக்கும்.

இதில் ஒரு சௌகரியம் உண்டு. ச-வும் ப-வும் மட்டும் இருப்பதால் இது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. சோகப் பாட்டு, குத்துப் பாட்டு எதற்கும் அடியில் உட்கார்ந்துகொள்ளும். ஜி என்பது ஐந்து கட்டை. உங்கள் குரலுக்கு அது ஒத்துவராவிட்டால் மூன்றையும் ஒரே அளவு இறக்கி எஃப், சி, எஃப் ஆக்குங்கள், நாலு கட்டை ஆகிவிடும். அதற்கும் கீழே போனால் கம்பி தொளதொளக்கும்.

கம்பி அறுந்தது உங்கள் போல்ட்டால்தான். மரை கூராக இருக்கும், மெல்லிய கம்பி அதில் உரசி அறுந்திருக்கிறது. கம்பி உட்காரும் இடத்தை மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து மழுக்குங்கள். புதுக் கம்பியை முறுக்கும்போது முகத்தை நேர் மேலே கொண்டுபோகாதீர்கள். இதை ஒரு தடவை பட்டுத் தெரிந்துகொண்டவன் சொல்கிறேன். பெரம்பூர் வீட்டில் இருந்த புல்புல்தாராவின் கம்பி கன்னத்தில் போட்ட கோடு ஒரு வாரம் இருந்தது.

அடுத்தது அந்த ஸ்போக். மனசைத் தேற்றிக்கொண்டு எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். பார்த்துப் பார்த்து ஒட்டியிருப்பீர்கள், தெரிகிறது. ஒன்று ஒரு நூல் உயரமாக இருந்தால் போதும், அதற்குக் கீழே அழுத்துகிற சுரமெல்லாம் 'ஜிர்ர்' என்கும். மெட்டைச் சமப்படுத்துவது தனி வித்தை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது வேண்டாம். மெட்டு இல்லாமலே வாசிக்கலாம். நம் கோட்டு வாத்தியத்துக்கு ஏது மெட்டு? கம்பிமேல் கட்டையை வழுக்கித்தானே வாசிக்கிறார்கள். உங்கள் பெட்டிக்கும் அதுதான் வழி, பெயர் மட்டும் ஸ்லைடு.

அந்த ஸ்லைடு உங்கள் டூல் பாக்ஸிலேயே இருக்கிறது. நீளமான பாக்ஸ் ஸ்பானர் சாக்கெட் ஒன்றை எடுத்துச் சுண்டு விரலிலோ மோதிர விரலிலோ மாட்டிப் பாருங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. லிட்டில் ஃபீட் இசைக்குழுவின் லோவல் ஜார்ஜ் 11/16 அங்குல ஸ்பார்க் பிளக் சாக்கெட்டால்தான் வாசித்தார். இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, கழன்று விழவும் கூடாது.

மெட்டு இருந்த இடத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள், கண்ணளவில் வேண்டாம். மேல் போல்ட்டிலிருந்து குதிரை வரை (பெட்டிமேல் கம்பியைத் தாங்கும் கீழ் போல்ட்தான் குதிரை) உள்ள நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் வருவது முதல் கோடு. மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால், முதல் கோட்டிலிருந்து அவ்வளவு தள்ளி இரண்டாவது. இப்படியே 12 வரை. நீளம் 635 மில்லிமீட்டர் என்றால் முதல் கோடு 35.6-ல் வரும், பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 317.5-ல். வெர்னியர் பிடித்த கைக்கு இது அரை மணி நேர வேலை.

மேலே போகப் போகச் சுருதி விலகுகிறது என்றீர்களே, அதுவும் இந்தப் பாதிக் கணக்கில்தான் அடங்கியிருக்கிறது. குதிரையை ஒட்டிவிட்டிருந்தால் பெயர்த்துவிடுங்கள். கம்பியின் இழுவையே அதைப் பிடித்துக்கொள்ளும், பசை வேண்டாம். சும்மா மீட்டினால் வரும் ச-வும் 12-ஆம் கோட்டில் வரும் மேல் ச-வும் ஒத்துப்போகிறதா என்று ட்யூனரில் பாருங்கள். மேல் ச ஏறி நின்றால் குதிரையைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கி நின்றால் முன்னால். ஒத்து வந்ததும் குதிரை நிற்கும் இடத்தில் பென்சிலால் அடையாளம் போட்டுவிடுங்கள், கம்பி மாற்றும்போது உதவும்.

இனி வாசிப்பு. கம்பியை அழுத்தாதீர்கள், சாக்கெட் கம்பியைத் தொட்டால் போதும், கட்டையில் இடிக்கவே கூடாது. இடிக்கிறது என்றால் மேல் போல்ட்டைக் கொஞ்சம் தடிமனாகப் போட்டுக் கம்பியை உயர்த்துங்கள். மெட்டு உள்ள வாத்தியத்தில் மெட்டுக்குச் சற்று முன்னால் அழுத்துவோம். இங்கே சாக்கெட் கோட்டுக்கு நேர் மேலே நிற்கவேண்டும். அப்புறம், சாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் விரல்கள் கம்பிமேல் லேசாகப் படுத்திருக்கட்டும். இல்லாவிட்டால் பின்பக்கக் கம்பியும் சேர்ந்து முனகும். எல்லோரும் மறப்பது இதைத்தான்.

முதல் பத்து நாள் மெல்லிய கம்பி ஒன்றில் மட்டும். சும்மா மீட்டினால் ச. அப்புறம் 3, 5, 7, 10, 12. இந்த ஆறு இடத்துக்கு வெளியே போகவேண்டாம். இது நம் சுத்த தன்யாசி: ச, சிறிய க, ம, ப, சிறிய நி, மேல் ச. மிசிசிப்பிக்காரர்கள் இதே ஐந்து சுரத்தைத்தான் ப்ளூஸுக்கு அடித்தளமாக வைத்திருக்கிறார்கள். நான் இதைக் கண்டுபிடித்த நாளில் தூக்கம் வரவில்லை. அதில் பிடித்தம் வந்த பிறகு 2, 4, 7, 9, 12 போய்ப் பாருங்கள், மோகனம். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குச் சட்டென்று தாவாமல் வழுக்கிப் போங்கள், போய்ச் சேர்ந்ததும் கையை லேசாக ஆட்டுங்கள். தப்பாக நின்றால் காதே சொல்லிவிடும், அதுவரை கோட்டைப் பாருங்கள். தினம் இருபது நிமிடம் போதும்.

பத்து நாள் கழித்து சாக்கெட்டை மூன்று கம்பிமேலும் நேராகப் படுக்கவையுங்கள். ஒன்றும் வைக்காமல் ஒரு அடி, 5-ல் ஒரு அடி, 7-ல் ஒரு அடி. எத்தனையோ பாட்டுக்கு இந்த மூன்று இடமே பின்னணிக்குப் போதும்.

கானா கேட்டீர்கள். இங்கே உங்களுக்குக் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை, மறக்காமல் இருந்தால் போதும். மேசையிலும் பஸ் தகரத்திலும் தட்டிப் பாடிய கைதானே அது? பெட்டியின் மூடி வெற்று மரம், அதுவே உங்கள் டோலக். வலது கட்டை விரலால் தடித்த கம்பியை ஒரு அடி, அடுத்து மற்ற விரல்களால் மூடியில் இரண்டு தட்டு: தகிட, தகிட. பல கானாப் பாட்டு இந்தத் திஸ்ர நடையில்தான் ஓடுகிறது. முதலில் கம்பியும் தட்டலும் மட்டும், அதன்மேல் பாட்டு, சாக்கெட் கடைசியாக. மூன்றையும் ஒரே நாளில் சேர்த்தால் கை குழம்பும்.

வயதைக் கேட்டிருந்தீர்கள். 46-ல் மரையைத் தடவிப் பார்த்தே அளவு சொல்கிற விரல் உங்களுடையது. அடுத்த விஷயத்துக்குப் போகலாம்.

உப்புக்காற்று. கடலிலிருந்து அவ்வளவு தூரம் இல்லை நீங்கள், கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் மேலும் கீழும் துடையுங்கள். வேலை செய்யும் பழக்கத்தில் கிரீஸோ ஆயிலோ தடவிவிடாதீர்கள். சுற்றுக் கம்பியின் சந்துகளில் அது இறங்கினால் சத்தம் செத்துவிடும். ஸ்பீக்கரில் கேட்க ஆசை வந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பீசோ டிஸ்க் என்று கேளுங்கள், வட்டமான பித்தளைத் தகடு, ரொம்ப மலிவு. மூடியின் உள்பக்கம் ஒட்டி ஒரு ஜாக்கில் சால்டர் வைத்தால் முடிந்தது. ஆனால் அதெல்லாம் சுத்த தன்யாசி ஒழுங்காக வந்த பிறகு.

மச்சான் அடுத்த தடவை கப்பலிலிருந்து வரும்போது இன்னொரு பெட்டி கொண்டுவந்தாலும் வருவார். மூடியை விரலால் தட்டிப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். அட்டையில் காகிதம் ஒட்டிய பெட்டிகளும் அங்கே நிறைய உண்டு.