100 வெள்ளிக்குள் நல்ல கை

வாசகர் கேள்வி – பதில்

(பதில் சொல்பவர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் கடைத்தெருவில் பெண்களுக்கான மசாஜ் நிலையம் நடத்துகிறார். பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய குடும்பத்துப் பெண். சொந்தக் கடை வைப்பதற்கு முன் பினாங்கு ஓட்டல் ஸ்பாக்களில் வேலை பார்த்தவர். வந்த கடிதங்களில் பயணத்தில் மசாஜ் பற்றிக் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகள் என்னைப் பினாங்குக்குக் கூட்டிப் போகிறார்கள். "ஒரு நாள் ஸ்பாவுக்குப் போயிட்டு வாங்கம்மா" என்கிறாள் மகள். முன்பு பால்மரம் சீவினேன், இப்போது செம்பனை நர்சரியில் பைக்கு மண் நிரப்புகிறேன். இடுப்பும் தோளும் எப்போதும் வலி. 100 வெள்ளிதான் (ரிங்கிட்) ஒதுக்க முடியும். போதுமா? அதைவிட, அந்த மாதிரி இடத்துக்குள் எப்படி நுழைவது என்றே தெரியவில்லை அக்கா.
— ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: போதும் தங்கச்சி, தாராளமாகப் போதும்.

பணத்துக்கு முன் உங்கள் கடைசி வரிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் விலையைப் பார்த்துத் தயங்குவதைவிட அந்தக் கண்ணாடிக் கதவைப் பார்த்துத் தயங்குவதுதான் அதிகம். என் கடைக்கு வரும் தோட்டத்துப் பெண்களில் பலர், "நமக்கெல்லாம் எதுக்குங்க இது" என்று சொல்லிக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுகிறார்கள். கேட்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ஓட்டலில் நான் பிடித்துவிட்ட முதுகுகளையும் தெரியும், இங்கே பிடித்துவிடுகிற முதுகுகளையும் தெரியும். விடியலில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் வரிசைக்கு) நின்று, பிறகு நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்கிற இடுப்புக்குத்தான் இது முதலில் வேண்டும். கூச்சப்படாமல் போங்கள். காசு கொடுக்கிறவர் நீங்கள். கேள்வி கேட்கலாம், பிடிக்காவிட்டால் எழுந்தும் வரலாம்.

சரி, காசு. பினாங்கு கடற்கரை ஓட்டல்களில் ஒரு மணி நேரம் 250, 300 வெள்ளிக்குக் குறைந்து கிடைப்பது அரிது. அதில் பெரும்பங்கு கடல் தெரிகிற அறைக்கும் வாசனை விளக்குக்கும் போகிறது. உங்கள் இடுப்புக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. கடைவீட்டு வரிசைகளில் இருக்கும் நல்ல மசாஜ் நிலையங்களில் உடம்பு முழுவதற்கும் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 70 முதல் 100 வெள்ளி. கால் மட்டும் என்றால் 40, 60 வெள்ளியில் முடியும். பத்து ஃபெரிங்கி என்ற கடற்கரைப் பகுதியின் இரவுச் சந்தைப் பக்கம் நாற்காலி போட்டுக் கால் பிடித்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். நடந்து ஓய்ந்த காலுக்கு அது போதும், ஆனால் உங்கள் தோளுக்குக் கட்டிலில் படுத்தால்தான் சரிவரும்.

விலைப்பலகையில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். சேவைக் கட்டணம் 10 விழுக்காடும், சேவை வரி 8 விழுக்காடும் பிறகு சேரும் என்று அர்த்தம். வரி 2024 மார்ச்சில்தான் 6-இலிருந்து 8 ஆனது. 88 வெள்ளி என்று நம்பிப் படுத்தால் எழுந்து வரும்போது 100-ஐத் தாண்டிவிடும். 'நெட்' என்று போட்டிருந்தால் அதே விலைதான். சந்தேகமாக இருந்தால் முன்னாலேயே, "செமுவா சூடா மாசோக்?" (எல்லாம் சேர்ந்துவிட்டதா?) என்று மலாயில் கேட்டுவிடுங்கள்.

'பேக்கேஜ்' என்கிற பேச்சிலும் கவனம் வேண்டும். இரண்டு மணி நேரம், 120 வெள்ளி என்பார்கள். கால் கழுவல், ஆவி, உப்புத் தேய்ப்பு, இஞ்சி டீ எல்லாம் போக, கை உடம்பில் படுவது 45 நிமிடமாக இருக்கும். "உருட் பெராப்பா மினிட்?" (மசாஜ் எத்தனை நிமிடம்?) என்று கேளுங்கள். அந்த நிமிடத்தை வைத்து விலையைக் கணக்குப் பாருங்கள். அதேபோல் 38 வெள்ளிக்கு முதல் தடவை என்று அழைத்து, படுத்திருக்கும்போதே பத்துத் தடவைக்கான கார்டை விற்கப் பார்ப்பார்கள். பினாங்கிலேயே இல்லாத உங்களுக்கு அந்தக் கார்டு எதற்கு?

இனி இடம். மாநகர் மன்ற உரிமம் சுவரில் மாட்டியிருக்க வேண்டும். விலை வெளியிலேயே எழுதியிருக்க வேண்டும். பெண்ணுக்குப் பெண்தான் மசாஜ் செய்வாரா என்று கவுண்டரில் கேளுங்கள், முகம் சுளித்தால் அடுத்த கடை. துண்டு புதிதா என்று பாருங்கள், முகம் வைக்கிற ஓட்டையில் போன ஆளின் எண்ணெய் பிசுக்கு இருந்தால் வேண்டாம். இதையெல்லாம்விட எனக்கு முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. கை வைப்பதற்கு முன் அந்தப் பெண் உங்களிடம் கேள்வி கேட்க வேண்டும்: எங்கே வலி, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, கர்ப்பமா. ஒன்றுமே கேட்காமல் எண்ணெயை ஊற்றுகிறவரிடம் உடம்பைக் கொடுக்காதீர்கள். தளம் பளிங்காக இருந்தாலும் சரி.

வார நாளில், காலையில் போங்கள். பல இடங்களில் விலையும் குறைவு. கையும் புதிது. காலை 11 மணிக்கு வரும் முதல் ஆளுக்குக் கிடைக்கிற விரல் பலம், இரவு 9 மணிக்கு வரும் கடைசி ஆளுக்குக் கிடைக்காது. அந்த வேலையைச் செய்தவள் சொல்கிறேன், நம்புங்கள்.

உள்ளே கைலியோ பெரிய துண்டோ தருவார்கள், உள்ளாடையோடு படுக்கலாம். பிடித்துவிடுகிற பகுதி மட்டும்தான் திறந்திருக்கும். ஒரு மணி நேரத்தைப் பங்கு போடும் உரிமையும் உங்களுடையது. "முகம் வேண்டாம், வயிறு வேண்டாம், இடுப்பிலும் தோளிலும் 40 நிமிடம்" என்று சொல்லுங்கள். பல நிலையங்களில் இந்தோனேசியப் பெண்கள் இருப்பார்கள். "பெலான் பெலான்" (மெதுவாக), "குவாட் சிக்கிட்" (கொஞ்சம் பலமாக), "சாக்கிட்" (வலிக்கிறது) என்ற மூன்றும் போதும். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுப்பது நம் பெண்களுக்குப் பழக்கமாகிப் போனது. மசாஜ் கட்டிலில் அது வேண்டாம்.

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறேன். கழுத்துப் பிடிப்பு தீரவே மாட்டேன் என்கிறது. கூட்டாளிகள் பஸ் எடுத்துத் தாய்லாந்தில் உள்ள ஹாட்யாய் போகிறார்கள், அங்கே மசாஜ் மலிவு என்கிறார்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மசாஜ் என்றாலே வீட்டில் மனைவி வேறு மாதிரி நினைக்கிறாள்.
— ஒரு வாசகர், கோலகங்சார் வட்டாரம்

பதில்: அண்ணே, மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கும் முதுகு இருக்கிறது. உண்மையான தாய் மசாஜ் உடுப்போடு செய்வது, தொளதொளவென்று ஒரு சட்டையும் கால்சட்டையும் அவர்களே தருவார்கள். பெரும்பாலும் எண்ணெய் இல்லை, தரையில் மெத்தை போட்டு, கட்டைவிரல், உள்ளங்கை, முழங்கை, முழங்கால் வைத்து அழுத்துவது. பல கடைகளில் ஒரே அறையில் நாலைந்து பேர் வரிசையாகப் படுத்திருப்பார்கள். 2019-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த கலை அது. பகலில் திறந்திருக்கிற, தெருவைப் பார்த்த கண்ணாடிக் கடையாக, வயதான அம்மாக்கள் வேலை செய்கிற இடமாகத் தேர்ந்தெடுங்கள். வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கிற இடத்துக்குள் போகவே போகாதீர்கள்.

ஒரு மணி நேரத்துக்கு 300 பாட் சுற்றுவட்டத்தில் இருக்கும், நம் காசுக்கு 40 வெள்ளிக்குச் சற்று முன்பின். நேரம் சொல்லி வைத்தால் அங்கே கடிகாரம் நமக்கு ஒரு மணி பின்னால் என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது உங்கள் கழுத்து. அண்ணாந்து பார்த்தபடி நீளக் கம்பில் அரிவாளை இழுக்கிற வேலை அது, பிடிப்பு வருவது இயற்கை. தோள்பட்டை, பிடரிக்குக் கீழே உள்ள தசை, மேல்கை இவற்றை நன்றாக அழுத்தச் சொல்லுங்கள். கழுத்தைத் திருப்பிச் சடக்கென்று சொடுக்கு எடுக்க மட்டும் விடாதீர்கள். மூளைக்கு ரத்தம் கொண்டு போகிற நாளம் கழுத்தெலும்புக்குள் போகிறது. திடீர்த் திருகலில் அது கிழிந்து பக்கவாதம் வருவது அபூர்வம்தான், ஆனால் வந்திருக்கிறது. படுப்பதற்கு முன்பே கழுத்தைத் தொட்டுக்காட்டி, கையால் 'வேண்டாம்' என்று காட்டிவிடுங்கள். முதுகில் ஏறி நிற்பதும் வேண்டாம். கை வரைக்கும் மரத்துப் போகிறது, விரலில் பலம் குறைகிறது என்றால் ஹாட்யாய்க்கு முன் டாக்டரிடம் போங்கள்.

மாத்திரை சாப்பிட்டு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் மிதமான மசாஜ் செய்யலாம். எழும்போது பக்கவாட்டில் திரும்பி, ஒரு நிமிடம் உட்கார்ந்து, அப்புறம் நில்லுங்கள். தலை சுற்றி விழுபவர்கள் அங்கேதான் விழுகிறார்கள். ரத்தத்தை இளக்குகிற மருந்தும் சேர்த்துச் சாப்பிடுகிறீர்கள் என்றால் ஆழமாக அழுத்தவே கூடாது, உள்ளே ரத்தம் கட்டிவிடும். பீர் குடித்துவிட்டுப் போகாதீர்கள்.

இன்னொன்று, இது பஸ் பயணம் போகிற எல்லாருக்கும். மணிக்கணக்காக உட்கார்ந்து இறங்கியபின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் அதை யாரும் பிடித்துவிடக் கூடாது. நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். பிடித்துவிட்டால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு இனிப்புநீர் (நீரிழிவு). காலில் உணர்ச்சி குறைவு. சுற்றுலாவில், மீன்கள் பாதத் தோலைக் கொறிக்கிற மீன் தொட்டியில் கால் வைக்கவும், ரிஃப்ளெக்சாலஜி (பாதத்தில் அழுத்திச் செய்யும் மசாஜ்) செய்யவும் ஆசைப்படுகிறார். விடலாமா?
— ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மீன் தொட்டி வேண்டாம். பலர் கால் வைத்த அதே தண்ணீர், கிருமிநாசினி ஊற்றினால் மீன் செத்துவிடும் என்பதால் ஊற்றவும் முடியாது. இனிப்புநீர் உள்ளவர்கள் அதில் கால் வைக்கக் கூடாது என்று பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு அமைப்பு 2011-லேயே வழிகாட்டி வெளியிட்டது. கட்டையால் குத்துகிற ரிஃப்ளெக்சாலஜியும் வேண்டாம், உணர்ச்சி இல்லாத காலில் புண் பட்டாலும் அம்மாவுக்குத் தெரியாது. முதலில் கால் ஊறவைக்கத் தருகிற வெந்நீரும் அப்படித்தான், கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். அம்மாவுக்கு ஆசையாக இருந்தால் தலைக்கும் தோளுக்கும் மென்மையாகப் பிடித்துவிடச் சொல்லுங்கள். அவரை ஏமாற்றி அழைத்து வந்த மாதிரி ஆகாது.

கேள்வி: பழனிக்குப் போய்விட்டு அப்படியே பாலக்காடு பக்கம் மூன்று நாள் பஞ்சகர்மா செய்துகொள்ளலாம் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார்.
— ஒரு வாசகர், ஈப்போ

பதில்: மூன்று நாளில் பஞ்சகர்மா கிடையாது. அது மருத்துவம். ஆயுர்வேத டாக்டர் நாடி, வயிறு, மருந்து எல்லாம் பார்த்து, பத்தியம் வைத்து, 14 நாள், 21 நாள் என்று செய்வது. மூன்று நாளுக்கு எண்ணெய் தேய்ப்பான அப்யங்கமும், நெற்றியில் எண்ணெய் விடுகிற சிரோதாராவும் செய்துகொள்ளுங்கள், அதுவே சுகமாக இருக்கும். பேக்கேஜ் பெயரைப் பார்த்து அதிகப் பணம் கொடுக்காதீர்கள். கேரளச் சுற்றுலாத் துறை ஆயுர்வேத நிலையங்களைத் தரம் பார்த்துச் சான்று கொடுக்கிறது, அந்தச் சான்று இருக்கிறதா, டாக்டர் தினமும் இருக்கிறாரா என்று ஏஜென்டிடம் கேளுங்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை அவர்களுக்குக் கர்க்கடக மாதம், சிகிச்சைக்கு உகந்தது என்று கருதுகிற மழைக்காலம். சுற்றுலாக் கூட்டம் குறைவு என்பதால் அறை வாடகையும் இறங்கியிருக்கும்.

கேள்வி: தூரமாகப் போக வசதி இல்லை. தீபாவளிச் சாமான் வாங்கக் கோலாலம்பூர் போவதோடு சரி. எனக்கு ஏதாவது வழி உண்டா?
— ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உண்டு, அதுவும் நீங்கள் சாமான் வாங்கப் போகிற பிரிக்ஃபீல்ட்ஸிலேயே உண்டு. 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. அதைச் சுற்றி, பயிற்சி பெற்ற பார்வையற்றவர்கள் நடத்துகிற மசாஜ் நிலையங்கள் பல. அலங்காரம் ஒன்றும் இருக்காது, விலை ஓட்டல் ஸ்பாவில் ஒரு சிறு பங்குதான். அவர்களின் விரல் முடிச்சைத் தேடிக் கண்டுபிடிக்கிற விதம் எனக்கு மிகவும் மதிப்பானது. ஆணா பெண்ணா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் பேராக்கிலேயே சிம்பாங் பூலாய் பக்கம் லூபோக் தீமா, சுங்காய் பக்கம் சுங்கை கிளா என்று வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. பத்துப் பதினைந்து நிமிடம் இடுப்பளவு உட்கார்ந்து எழுந்து, வீட்டுக்கு வந்து மகளை விட்டு நல்லெண்ணெய் தேய்க்கச் சொன்னால் தசை நன்றாக இளகும். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

கேள்வி: டிப்ஸ் எவ்வளவு கொடுப்பது?
— ஒரு வாசகர், கோலகங்சார்

பதில்: நம் நாட்டில் கட்டாயம் இல்லை. மனம் நிறைந்தால் 5 வெள்ளி, 10 வெள்ளி. ஹாட்யாயில் 50 முதல் 100 பாட் கொடுப்பது வழக்கம். கவுண்டரில் கொடுக்காமல் பிடித்துவிட்டவர் கையிலேயே கொடுங்கள், பல இடங்களில் அவர்களுக்குச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன்தான்.